பற்றாசு: பொருத்தும் பொருளின் வரலாறு

இரண்டு உலோகத் துண்டுகளை ஒன்றாக்குதற்பொருட்டு அவற்றின் இடையே வைத்து உருக்கப்படும் பொருளுக்குத் தமிழில் பற்றாசு என்று பெயர். ஆசு என்று சுருக்கியும் வழங்குவர். நம் தட்டார் பட்டறைகளில் அதனைப் பொடி என்கிறோம். கன்னார் பற்று என்பர். ஈயங்கொண்டு தகரவேலை செய்வோர் பேச்சு வழக்கில் பத்து என்பர். நாடோறும் நம் கையிற் புழங்கும் இச்சிறு பொருளின் வரலாற்றில் நம் குலத்தின் பெருமையும், நம்மேற் சுமத்தப்பட்ட பழியும், நம்மவர் உயிருக்கு நேர்ந்துள்ள அபாயமும் ஒருங்கே அடங்கிக் கிடக்கின்றன. பட்டறையில் அமரும் இளைஞர்களில் பலர் இதனை அறியாதிருத்தலின், தெரிந்த அளவில் எழுதப் புகுந்தோம்.

முதலில் சொல்லை நோக்குவோம். ஆசு என்பதற்கு நிகண்டுகளும் அகராதிகளும் பல பொருள் கூறுகின்றன. குற்றம் என்பது ஒன்று. ஆசற்றார் என்றால் குற்றமற்றவர். பற்றுக்கோடு என்பது மற்றொன்று. பொன் முதலியவற்றைப் பற்றவைக்கும் பொடி என்பது பிறிதொன்று. குற்றத்திற்கும் பொருத்துக்கும் ஒரே சொல் அமைந்தது தற்செயலாயினும் ஆகுக. நம் தொழிலில் பழி வந்ததெல்லாம் பொருத்தின் வழியாகவே வந்தது என்பதைப் பின்னர்க் காண்போம்.

இச்சொல் பட்டறையைவிட்டுப் புறப்பட்டுப் புலவர் அவைக்கும் சென்றிருக்கின்றது. இரண்டு குறட்பாக்களைச் சேர்த்து ஒரு நேரிசை வெண்பா ஆக்குவதுண்டு. முதற் குறளின் இறுதிச் சீரும் அதனை அடுத்து நிற்கும் தனிச்சொல்லும் தாமாக ஒட்டாவிடின், இடையே ஓர் அசையேனும் இரண்டு அசையேனும் கூட்டி ஒட்டச் செய்வர். அங்ஙனம் கூட்டப்பட்ட அசைக்கு ஆசு என்றே பெயர். பாட்டுக்கு ஆசிடை நேரிசை வெண்பா என்று பெயர். அமிதசாகரர் செய்த யாப்பருங்கலக்காரிகைக்கு உரை கண்ட குணசாகரர் இதனை விளக்கும்போது, தம்முள் ஒற்றுமைப்படாத உலோகங்களைப் பற்றாசு இட்டுப் பொருத்துகின்றவர்களையே உவமையாக எடுத்துக்காட்டினார். எதுகையிலும் ய, ர, ல, ழ என்னும் ஒற்றுக்கள் இடையில் வந்து நிற்பதை ஆசிடை எதுகை என்பர். இலக்கணம் செய்த பெரியோர் தட்டார் உலையருகே நின்று பார்த்திராவிடின் இப்பெயர்கள் பிறந்திரா. ‘பொடி வைத்துப் பேசுகிறான்’ என்று ஊரார் சொல்லும் வழக்கும் நம் பட்டறையிலிருந்து போனதே என்பாரும் உளர்.

நிற்க. நம் சென்னிமலை இன்று கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். இழை அறுந்தால் நெசவாளர் பிணைத்துக்கொள்வர். கண்ணி அறுந்தால் நம்மவர் ஆசிடுவர். ஆயினும் இப்பகுதி உலோக வேலைக்குப் பெயர்பெற்றது தறிக்கு மிகவும் முற்பட்ட காலத்தில் ஆகும். இங்கிருந்து மேற்கே சற்றேறக்குறைய 15 கிலோமீட்டர் தூரத்தில் நொய்யலாற்றின் வடகரையில் கொடுமணல் என்னும் ஊர் உளது. பதிற்றுப்பத்தின் ஏழாம் பத்தில் கபிலரும் எட்டாம் பத்தில் அரிசில்கிழாரும் கொடுமணம் எனக் குறித்து அதன் நல்ல அணிகலன்களைச் சிறப்பித்த ஊர் இதுவே என்பது அறிஞர் கொள்கை. 1985-ஆம் ஆண்டு முதல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தாரும் பிறரும் பல முறை அங்கே அகழ்ந்தனர். இரும்பு உருக்கிய உலைகளும், எஃகு வேலைக்குரிய தடயங்களும், பச்சைக்கல், நீலக்கல், சூதுபவளம் முதலியவற்றைப் பட்டைதீட்டி மணியாக்கிய தொழிற்களங்களும் வெளிப்பட்டன. கல் இழைத்த வெண்கலப் புலியுருவம் ஒன்றும் கிடைத்தது. கொல்லரும் கன்னாரும் தட்டாரும் ஓரிடத்தில் கூடி வாழ்ந்த ஊர் இதனைவிட எப்படி இருந்திருக்கும்!

அக்காலத்தில் கொங்கு நாட்டு மணிகள் மேற்றிசை சென்றன. அங்கிருந்து உரோமானியர் காசுகள் இங்கு வந்தன. வெள்ளலூரிலும் கரூரிலும் அக்காசுகள் குவியலாக அகப்பட்டமை யாவரும் அறிந்தது. தம் நாட்டுச் செல்வம் இந்தியாவுக்கு ஒழுகிப் போகின்றதே என்று வருந்தி எழுதிய உரோமானியப் பேரறிஞர் பிளினி என்பார் கி.பி. 79-ல் வெசூவியஸ் எரிமலை வெடித்தபோது உயிர் துறந்தவர். அவர் இயற்றிய பெருநூலில் நம் விஷயத்தைப் பற்றியும் எழுதியிருக்கின்றார். ஒவ்வோர் உலோகத்திற்கும் ஒவ்வொரு பற்று உண்டு என்பது அவர் கருத்து. பொன்னைப் பற்றவைக்கத் தாமிரக் களிம்பும் சிறுவர் சிறுநீரும் உவர்மண் உப்பும் கூட்டி அரைத்த பச்சைக் குழம்பு, இரும்புக்குக் களிமண், ஈயக் குழாய்களைப் பொருத்தக் காரீயம் இரண்டு பங்கும் வெள்ளீயம் ஒரு பங்கும் சேர்ந்த கலவை என்று வரிசைப்படுத்துகின்றார். தாமிரக் களிம்பு பொன்னைப் பற்றுமா என்று நகைக்க வேண்டா. களிம்பு கரிநெருப்பில் தாமிரமாகிப் பொன்னோடு கலந்தவுடன், அந்த இடம் மட்டும் பொன்னினும் குறைந்த சூட்டில் உருகும். அரிசி முனையினும் சிறிய பொன்மணிகளைத் தகட்டின்மேல் ஒட்டவைத்த பழைய வேலைகள் பல இவ்வுபாயத்தினாலேயே ஆயின என்பதை இங்கிலாந்தில் லிட்டில்டேல் என்பவர் 1930-களில் செய்து காட்டினார். நம்மவர் அம்மணிகள் தீயிற் படுமுன் நழுவாதிருக்கக் குன்றிமணிப் பருப்பை நீரில் உரைத்துப் பசையாகத் தடவி வந்தனர். குன்றிமணி கொடிய நஞ்சாதலின் அரைத்த கையை வாயில் வைக்கலாகாது என்பதையும் உடன் சொல்லிக்கொடுத்தனர்.

இனி எப்பொருளுக்கு எப்பற்று என்னும் நுட்பத்திற்கு வருவோம். இதற்கு அடிப்படை ஒன்றே. பற்றானது பொருத்தப்படும் பொருளுக்கு முன்னே உருக வேண்டும். ஆனால் மிக முன்னே உருகிவிடலாகாது. மிக முன்னே உருகும் பற்று பெரும்பாலும் மெலிந்தது. நிறத்தாலும் தரத்தாலும் வேறுபட்டது. உருகும் சூட்டில் நெருங்கிவரும் பற்று வலியது. எனினும் கண்ணிமைக்கும் நேரம் தவறினால் பொருளே உருகிப்போம். இவ்விரண்டிற்கும் இடையில் நிற்பதே கைத்திறம். தூய பொன் செல்சியஸ் 1064 டிகிரியிலும், வெள்ளி 962-லும், செம்பு 1085-லும் உருகும். நம் முன்னோர் டிகிரி அறியார். கங்கு இருளில் மங்கிய சிவப்பாய்த் தோன்றுவது, செம்பருத்தி நிறமாவது, மஞ்சள் ஏறுவது என்று நிறத்தினாலேயே அளந்தனர். ஆதலால்தான் பட்டறை வெளிச்சம் மட்டாக இருத்தல் வேண்டும் என்றனர்.

எல்லாவற்றினும் இளகியது ஈயப் பற்று. இதில் ஓர் அதிசயம் உண்டு. வெள்ளீயம் தனியே 232 டிகிரியிலும் காரீயம் தனியே 327 டிகிரியிலும் உருகும். வெள்ளீயம் 63 பங்கும் காரீயம் 37 பங்கும் கூடினால் 183 டிகிரியிலேயே உருகிவிடும். அன்றியும் இவ்வளவில் கலந்தது உருகியவுடன் நீராய் ஓடும். ஆறியவுடன் ஒரே கணத்தில் இறுகும். ஆதலின் மின்சாரக் கம்பி வேலைக்கும் வானொலி முதலிய நுண்கருவிகளுக்கும் இதுவே நெடுங்காலம் உகந்ததாயிருந்தது. காரீயம் இரண்டு பங்கானால், அதாவது பிளினி சொன்ன அதே அளவானால், 183 டிகிரியில் இளகத் தொடங்கி 250 டிகிரி வரையில் களியைப்போல் குழைந்து நிற்கும். குழாய்ப் பொருத்தின்மேல் துணியால் வழித்து உருட்டி அமைப்பதற்கு அந்தக் குழைவே வேண்டும். ஒரு கலவை ஒரு வேலைக்குக் குற்றமாகவும் மற்றொரு வேலைக்குக் குணமாகவும் இருப்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் கிடையாது.

ஈயப் பற்றில் பற்று எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் அதனோடு இடும் காரம். தகரத்துக்கும் பித்தளைக்கும் நவச்சாரம் இடுவர். அல்லது துத்தநாகத்தைக் கரைத்து அடக்கிய திராவகம் தடவுவர். அதனையே மின்சாரக் கம்பியில் தடவினால் வேலை அன்றைக்கு நன்றாக இருக்கும். சில மாதங்களில் கம்பி பச்சை பூத்து அரித்துப்போம். அங்கே பைன் மரத்துப் பிசினையே இடல் வேண்டும். கோயமுத்தூர் மோட்டார், பம்புத் தொழிற்சாலைகளில் நம் பிள்ளைகள் பலர் வேலையில் இருக்கின்றனர். அவர்களுக்கு இது சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஊரில் தகரவேலையும் மின்சார வேலையும் ஒருவரே பார்க்கும் இடங்களுக்காகக் குறித்தோம்.

உண்ணும் பாத்திரத்தில் காரீயம் சேர்ந்த பற்றை வைத்தல் பெருங்கேடு. புளியும் எலுமிச்சையும் காரீயத்தைக் கரைத்துவிடும். அது குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும் என்பது இன்று ஐயமின்றி நிறுவப்பட்டது. பித்தளைப் பாத்திரத்துக்குப் பூசுவதும், ரசத்துக்கு ஈயச்சொம்பு அடிப்பதும் வெள்ளீயத்தினால் மட்டுமே என்பது நம் முன்னோர் வகுத்த வழி. வெள்ளீயம் விலையேறிய காலங்களில் அதிற் காரீயத்தைக் கலந்து விற்றவர்களும் பூசியவர்களும் இருந்தனர். ஐரோப்பிய நாட்டவர் 2006-ஆம் ஆண்டு ஜூலை முதல் மின்னணுக் கருவிகளிலேயே காரீயப் பற்றை விலக்கிவிட்டனர். வெள்ளீயத்தோடு சிறிது வெள்ளியும் செம்பும் கூட்டிய பற்று அதற்கு மாற்றாக வந்தது. அஃது உருகுவதற்கு 217 டிகிரிக்கு மேல் வேண்டும். ஆதலின் பழைய சூட்டில் வைத்த கோலுக்கு அது பணியாது. கருவிக்கே காரீயம் ஆகாதென்றால் கஞ்சிக்கு ஆகுமா?

கன்னார் வேலையில் ஈயம் பயன்படாது. அடுப்பில் ஏறும் அண்டாவும் சருவமும் ஈயப் பற்றைக் கக்கிவிடும். அங்கே வேண்டுவது பித்தளைப் பற்று. செம்பும் துத்தநாகமும் ஏறக்குறையச் சரிபாதியாகச் சேர்த்து உருக்கினால் வருவது பாத்திரப் பித்தளையைவிடத் தாழ்ந்த சூட்டில், சுமார் 870 முதல் 880 டிகிரியில், உருகும். அது நொறுங்கும் இயல்பினது. உரலில் இட்டுக் குத்தினால் மணி மணியாய்ப் பொடியும். பாத்திரமாக அடிப்பதற்கு ஆகாத அந்நொறுங்கற் குணமே பற்றுக்கு உதவியாயிற்று. குடத்தின் மேற்பாதியையும் கீழ்ப்பாதியையும் தனித்தனியே அடித்து, விளிம்பைப் பல்லுப்பல்லாக வெட்டி ஒன்றுக்குள் ஒன்று மாற்றிக் கோத்து, வெண்காரத்தோடு இப்பொடியைத் தூவித் துருத்தி ஊதி ஓட்டுவர். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்தெழும் பொருளாதலின், சூடு மிஞ்சினால் வெண்புகை கிளம்பும். பற்றும் கெடும், ஊதுகிறவருக்கு அன்றிரவு குளிர்காய்ச்சலும் வரும். செம்புக் குழாய்களுக்கு இக்காலத்தில் செம்போடு பாஸ்பரம் கூட்டிய கோலைப் பயன்படுத்துகின்றனர். செம்பின்மேல் அதற்குக் காரமே வேண்டுவதில்லை. அதனை இரும்பின்மேல் வைத்தால் பொருத்து நொறுங்கிவிடும்.

கன்னார் தொழிலுக்கு முதற் பேரிடி பற்றாசை ஏற்காத ஓர் உலோகத்தால் வந்தது. 1898-ஆம் ஆண்டில் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் துரை அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். அலுமினியத்தின் மேல் காற்றுப் பட்டவுடன் கண்ணுக்குத் தெரியாத ஒரு தோல் மூடிக்கொள்ளும். நம் வெண்காரமும் நவச்சாரமும் அத்தோலைக் கரைக்கமாட்டா. ஓட்டை விழுந்தால் பற்றுவைக்க இயலாது. எறிந்துவிட்டு வேறு வாங்க வேண்டியதே. பழையதைச் செப்பனிட்டுப் பிழைத்தவர்களின் வேலை அந்நாள் முதல் சுருங்கலாயிற்று. இரும்பு வேலையில் பற்றாசின் இடம் சிறிது. கொல்லர் இரும்பை இரும்போடே காய்ச்சி அடித்து ஒட்டுவர், பூட்டு முதலியவற்றுக்கே பித்தளைப் பற்று இடுவர்.

இனிப் பொன் வேலை. ஏனையவற்றில் பொருத்து நின்றால் போதும். பொன்னில் பொருத்து நிற்கவும் வேண்டும், நிறம் மாறாமலும் இருக்க வேண்டும், மாற்றுக் குறையாமலும் இருக்க வேண்டும். மூன்றும் ஒன்றோடொன்று முரணுவன. பொன்னின் உருகுஞ் சூட்டைக் குறைக்க வெள்ளியும் செம்பும் கூட்டுவர். வெள்ளி மிகுந்தால் வெளிறும். செம்பு மிகுந்தால் சிவந்து கறுக்கும். இரண்டும் மிகுந்தால் மாற்றுத் தாழும். செய்கிற நகையின் பொன்னிலிருந்தே சிறிது எடுத்து அதிற் கூட்டிப் பொடி செய்தல் நல்ல ஆசாரிகளின் வழக்கம். நிறம் அதனால் பொருந்திவரும். ஒரே நகையில் பல பொருத்துக்கள் இருப்பின் முதற் பொருத்துக்குக் கடும்பொடியும், அடுத்ததற்கு அதனினும் இளம்பொடியும், கடைசிக்கு மிக இளம்பொடியும் வைப்பர். இல்லாவிடின் இரண்டாவதைப் பொருத்தும்போது முதலாவது கழன்றுவிடும். முன் வைத்த பொருத்தின்மேல் காவிமண்ணைக் குழைத்து அப்பிக் காப்பதும் உண்டு. காவி கண்ட இடத்தில் பொடி ஓடாது.

வெண்காரத்தைக் கல்லில் நீர்விட்டு உரைத்துத் தடவினால் அது கண்ணாடிபோல் உருகிப் பரந்து மாசைக் கரைத்துப் பொடிக்கு வழிவிடும். வடமொழியில் டங்கணம் எனப்படும் இது திபெத்து ஏரிக்கரைகளிலிருந்தும் லடாக்கிலிருந்தும் ஆட்டின் முதுகிலேறி மலைகடந்து வந்தது. ஐரோப்பியத் தட்டாருக்கும் நெடுங்காலம் அங்கிருந்தே போயிற்று. பொன்னையும் வெள்ளியையும் காய்ச்சும் குமுட்டியருகே காரீயத் துணுக்குக்கூட வரலாகாது என்பதும் பழைய கட்டளை. ஈயப் பற்று வைத்துச் சரிசெய்யப்பட்ட கொலுசோ வளையலோ வந்தால், அவ்வீயத்தை முற்றும் சுரண்டி நீக்கிய பின்னரே தீயில் வைக்கலாம். இல்லையேல் சூடேறியவுடன் ஈயம் பொன்னைத் தின்று குழி விழுத்தும். வெள்ளிக் கொலுசில் கண்ணிதோறும் பற்று இருத்தலால் மொத்த எடையில் பற்றின் பங்கு மிகும். சேலத்துக் கொலுசு வேலை அறிந்தவர்கள் இதனை நன்கறிவர். வெள்ளி 72 பங்கும் செம்பு 28 பங்கும் கூடினால் 779 டிகிரியில் உருகும். அதில் துத்தநாகம் சேரச் சேர இன்னும் இளகும்.

பழி பிறக்கும் இடம் இதுவே. 100 கிராம் நகையில் 95 கிராம் 916 தரப் பொன்னும், 5 கிராம் 750 தரப் பொடியும் இருப்பதாகக் கொள்வோம். உருக்கிப் பார்த்தால் ஏறக்குறைய 908 தரமே வரும். பொடி இல்லாமல் நகை இல்லை. ஆகவே இக்குறைவு களவன்று, தொழிலின் இயல்பு. ஆனால் இதனை முன்னரே சொல்லாது விட்டவனும், வேண்டுமளவுக்கு மேல் பொடியைக் கொட்டியவனும் களவே செய்தவர்கள். இயல்பான குறைவையும் திருட்டையும் பொருளுக்குரியவரால் பிரித்தறிய முடியாது. ஆதலின் தட்டார் அனைவருமே ஐயத்துக்கு ஆளாயினர். கௌடிலியருடைய அர்த்தசாஸ்திரம் தட்டார் பொன்னைக் கவரும் வகைகளை ஐந்தாக எண்ணிக் கூறுகின்றது. சிலப்பதிகாரத்தில் வரும் பொற்கொல்லனைச் சொல்லிச் சொல்லி நம் குலத்தை இன்றளவும் சுடுவார் உளர். அச்சிலம்போ உள்ளே பரல் பெய்து மூடப்பட்டது. அவ்வாறு மூடிப் பொருத்தி, நடக்க நடக்க ஒலித்தும் கழலாதவாறு செய்தவனும் ஒரு பொற்கொல்லனே என்பதை அவர்கள் எண்ணுவதில்லை.

பழியைத் தீர்க்கும் வழியும் பழையதே. இராசராச சோழன் 1010-ல் நிறைவித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுக்களைப் படித்தவர்கள் வியப்பர். பொன்னை ஆடவல்லான் என்னும் கல்லாலும், நகைகளைத் தக்ஷிணமேருவிடங்கன் என்னும் கல்லாலும் நிறுத்து, ஒவ்வோர் அணிகலனிலும் முத்து எத்தனை, மணி எத்தனை என்று எண்ணி, அரக்கும் சரடும் முதலியன உட்பட எடை இவ்வளவு என்று பொறித்திருக்கின்றனர். பொன்னல்லாதது உள்ளே இருப்பதை மறைக்கவில்லை. கல்லில் வெட்டி எல்லாரும் பார்க்க வைத்தனர்.

இத்தகைய வேலை செய்த கைகளுக்கு நாடு காட்டிய மதிப்பு எத்தகையது என்பதற்குக் கொங்கு நாட்டிலேயே சான்றுண்டு. கோநேரின்மைகொண்டான் என்னும் பட்டம் தாங்கிய அரசன் வெங்கால நாட்டுக் கம்மாளருக்கு அளித்த ஆணை கரூர்க் கோயிலில் பொறிக்கப்பட்டிருக்கின்றது. நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதிக்கொள்ளலாம், பேரிகை கொட்டிக்கொள்ளலாம், வெளியே செல்லும்போது செருப்பு அணியலாம், வீட்டுச் சுவருக்குச் சாந்து பூசிக்கொள்ளலாம் என்பது அவ்வாணை. பெருமையாக எடுத்துச் சொல்லப்படும் கல்வெட்டு இது. எனினும், செருப்பு அணிவதற்கும் சுவருக்குச் சாந்து பூசுவதற்கும் அரசன் ஆணை வேண்டியிருந்த காலமும் ஒன்று இருந்தது என்பதை அதே கல் சொல்லுகின்றது. இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும் என்பது நம் கருத்து.

சென்ற நூற்றாண்டில் அரசாங்கமே நம் பொடியில் கைவைத்தது. சீனப் போரை அடுத்து 1963-ஆம் ஆண்டு ஜனவரியில், மொரார்ஜி தேசாய் நிதி மந்திரியாயிருந்தபோது, பொன் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட புது நகை செய்யலாகாது என்றார்கள். 14 காரட் என்பது நூற்றுக்கு 58 பங்குக்குச் சிறிது மேற்பட்ட பொன். மிகுதி வேறு உலோகம். அது பழைய பொன்னைவிட மிகத் தாழ்ந்த சூட்டில் உருகும். தலைமுறை தலைமுறையாய்க் கைவந்த பொடியை அதன்மேல் வைத்தால் பொடி ஓடுமுன் நகை ஓடிவிடும் நிலை. அடித்தால் விறைக்கும், காய்ச்சினால் கறுக்கும். வாங்குவோரும் இல்லை. நாடெங்கும் நம்மவர் வேலையிழந்தனர். வறுமை தாங்காது உயிரை மாய்த்துக்கொண்டோரும் உண்டு. காரட் வரம்பு சில ஆண்டுகளில் நீங்கிற்று. 1968-ல் சட்டமாக வந்த கட்டுப்பாடு 1990-ல்தான் ஒழிந்தது. அதற்குள் பல குடும்பங்களில் பிள்ளைகள் வேறு தொழிலுக்குப் போய்விட்டனர். கடும்பொடி, இளம்பொடிப் பக்குவங்களும் கேட்பாரின்றி மூத்தோருடன் மறைந்தன.

அந்த வெற்றிடத்தில் நுழைந்ததே கேடியெம் எனப்படும் காட்மியப் பொடி. இது பரவிய காரணம் எளியது. பொன் 92 பங்கும் காட்மியம் 8 பங்கும் கூட்டினால் பொடியின் தரம் 920, நகையோ 916. ஆகவே எவ்வளவு பொடி வைத்தாலும் மாற்றுக் குறைவதில்லை. உருகுவதும் எளிது, ஓடுவதும் அழகு, நிறமும் மாறுவதில்லை. நிறம், வலிமை, தரம் என்னும் மூன்று முரண்களையும் ஒரே அடியில் தீர்த்துவிட்டதாகவே தோன்றிற்று. ‘கேடியெம் நகை’ என்று பலகை எழுதி வைத்த கடைகளில் மக்கள் அதனைத் தூய்மையின் முத்திரையாகவே கருதினர்.

ஆனால் காட்மியம் 767 டிகிரியில் கொதிப்பது. பொன் வேலையின் சூடு அதற்கு மேற்பட்டது. ஆதலின் ஒவ்வொரு முறை ஊதும்போதும் காட்மியத்தில் ஒரு பகுதி ஆவியாகி ஊதுகிறவர் மூச்சிலேயே செல்லும். அப்பொழுது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்துக் காய்ச்சலும் மார்பு இறுக்கமும் தோன்றும். மிகுதியாக உட்கொண்டால் நுரையீரலில் நீர் கோத்து உயிர் போம். சிறிது சிறிதாகப் பல ஆண்டு சென்றால் சிறுநீரகத்தைக் கெடுக்கும், எலும்பை மெலிவிக்கும். ஜப்பானில் ஜின்சு ஆற்றுக் கரையில், சுரங்கத்திலிருந்து கழிந்த காட்மியம் நெல்வயலிற் சேர்ந்து, எலும்பு நொறுங்கி மக்கள் அலறியதனால் அந்நோய்க்கு ‘இத்தாய் இத்தாய்’, அதாவது ‘ஐயோ வலி’ என்றே பெயர் வந்தது; அந்நாட்டரசு 1968-ல் அதன் காரணத்தை ஒப்புக்கொண்டது. காட்மியம் புற்றுநோய்க்கும் காரணம் என்று உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையத்தார் 1993-ல் தீர்மானித்தனர். வாங்குபவருக்கு மாற்றுக் குறையாதிருக்க, செய்பவர் தம் நுரையீரலைப் பொடியாக வைத்தார் என்றே சொல்ல வேண்டும். பாட்டனும் பேரனும் ஒரே அறையில், சன்னலை அடைத்து, சமையலும் படுக்கையும் அடுத்த தடுப்பில் இருக்க ஊதுகின்ற பட்டறைகள் நம்மிடையே எத்தனை!

இன்று காட்மியத்தை விட்டுவிட ஒரு தடையும் இல்லை. துத்தநாகமும் இண்டியம் என்னும் உலோகமும் சேர்த்த பொடிகள் கிடைக்கின்றன. துத்தநாகப் புகையும் நல்லதன்று. எனினும் காட்மியத்தின் கொடுமை அதற்கில்லை. 2000-ஆம் ஆண்டில் தொடங்கிய ஹால்மார்க் முத்திரை 2021 ஜூன் 16 முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. 2023 ஏப்ரல் முதல் விற்கப்படும் நகையில் ஆறெழுத்துத் தனி எண்ணும் பொறிக்க வேண்டும். முத்திரை நகையின் பொன் தரத்தைச் சொல்வது. ஊதியவர் எதை மூச்சில் வாங்கினார் என்பதை எம்முத்திரையும் சொல்லாது. அதனைப் பட்டறைக்கு உரியவரே கேட்டுக்கொள்ள வேண்டும்: வாங்கும் பொடியில் என்ன இருக்கின்றது என்று வணிகரிடம் எழுதி வாங்குதல் நலம். பெரிய தொழிற்கூடங்களில் லேசர் ஒளியைப் பாய்ச்சிப் பொடியே இல்லாமல் பொன்னைப் பொன்னோடு உருக்கி ஒட்டுகின்றனர். அக்கருவியின் விலை சிறு பட்டறைக்கு எட்டாது.

ஆதலின் தாலிக்கொடியின் கண்ணி அறுந்தாலும், காப்பின் வாய் விரிந்தாலும், இவ்வூர்ப் பெண்மக்கள் நம் பட்டறையைத் தேடியே வருவர். வருகின்ற நகை கேடியெம் காலத்தில் செய்ததாக இருக்கலாம். அடுத்துள்ள பழைய பொருத்துக்களிலும் காட்மியம் இருக்கும். நாம் புதிதாக நல்ல பொடியை வைத்தாலும், சூடேறியவுடன் பழையது ஆவியாகும். அத்தகைய நகைக்குத் தீ வைக்குமுன் எந்த ஆண்டு, எவ்விடத்தில் வாங்கியது என்று கேட்டறிக. பிள்ளைகளை அறையினின்று வெளியே அனுப்பிவிட்டு, சன்னலைத் திறந்து, காற்று நம் முகத்திலிருந்து குமுட்டியை நோக்கிப் போகும்படி முதுகைக் காற்றுக்குக் கொடுத்து உட்கார்ந்து ஊதுக. கூடுமானால் புகையை வெளியே இழுக்கும் விசிறி ஒன்றைக் குமுட்டிக்கு அப்பால், முகத்தின் மட்டத்துக்குக் கீழே அமைத்துக்கொள்க.